விலாசம்

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தங்கள் வணிக அடையாளத்தை 'விலாசம்' என்றார்கள். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த சுருக்கம் அது. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் மேலாள் எழுதித்தந்த உண்டியலுக்கு, கடலுக்கு அப்பால் இன்னொரு செட்டியார் காசை எண்ணிக் கொடுத்தார். அவர் நம்பியது காகிதத்தை அல்ல, அதிலிருந்த விலாசத்தை. காசு கப்பலேறவில்லை, பேரேட்டில் வரவும் பற்றும் மாறின, அவ்வளவுதான்.

இன்று பிட்காயின் வைத்திருப்பவருக்கும் ஒரு விலாசம் உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம். அதற்குப் பின்னால் தாத்தாவும் இல்லை, ஊரும் இல்லை. கிரிப்டோவைச் சுற்றி எழுந்திருக்கும் கள்ளப்பணத் தடுப்பு விதிகளின் வரலாறு, ஆளில்லாத இந்த விலாசத்துக்கு ஆள் தேடும் வரலாறுதான்.

தேடல் கிரிப்டோவுக்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. 1970இல் அமெரிக்கா, வங்கிகள் பெரிய ரொக்கப் பரிமாற்றங்களை அரசுக்குத் தெரிவிக்க வழிசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. போதைப்பொருள் பணத்தைத் துரத்த, 1989இல் ஜி7 நாடுகள் எஃப்ஏடிஎஃப் எனும் நிதி நடவடிக்கைப் பணிக்குழுவை அமைத்தன. 1996இல் அமெரிக்காவில் 'பயண விதி' வந்தது. 3,000 டாலரோ அதற்கு மேலோ அனுப்பினால், பணத்தோடு அனுப்புநரின் பெயரும் பயணம் செய்யவேண்டும்.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு சந்தேகம் உண்டியல், ஹவாலா பக்கம் திரும்பியது. அந்த நவம்பரில், சோமாலியர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப நம்பியிருந்த அல்-பரக்காத் நிறுவனத்தை அமெரிக்கா முடக்கியது. ஆனால், விமானங்களைக் கடத்தியவர்களுக்கு அமெரிக்காவில் பணம் கிடைத்தது பெரும்பாலும் சாதாரண வங்கிகளின் வழியாகத்தான் என்று பின்னர் விசாரணை ஆணையம் சொன்னது. திருடன் வாசல் வழியா வந்தான். பூட்டு கொல்லைப்பக்கம் விழுந்துச்சு.

2009 ஜனவரியில் பிட்காயின் இயங்கத் தொடங்கியபோது எல்லாம் தலைகீழானது. உண்டியலில் ஆளைத் தெரியும், பேரேடு மூடியிருக்கும். பிட்காயினில் பேரேடு உலகத்துக்கே திறந்திருக்கிறது, ஆளைத்தான் தெரியாது. 2019 ஜூனில் எஃப்ஏடிஎஃப் பயண விதியைக் கிரிப்டோ நிறுவனங்களுக்கும் நீட்டித்தது. அதே ஆண்டு ஜனவரியில் மலேசியா கிரிப்டோ சொத்துகளைப் பங்குப் பத்திரச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்திருந்தது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி 28 அன்று கட்டணச் சேவைகள் சட்டம் நடப்புக்கு வந்தது. நாணயமாற்று, பணம் அனுப்பும் கடைகளுக்கான 1979ஆம் ஆண்டின் சட்டம் அதோடு காலாவதியானது. சிராங்கூன் சாலையில் ஊருக்குக் காசு அனுப்பும் கடையும் கிரிப்டோ சந்தையும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. இரண்டு முனையிலும் பெயர் வேண்டும். 1,500 வெள்ளியைத் தாண்டினால் கூடுதல் விவரமும் வேண்டும்.

நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்குப் போனால் சரி, கேட்க ஆளிருக்கிறது. சொந்தக் கைப்பேசியில் இருக்கும் வாலட்டுக்குப் போனால் யாரைக் கேட்பது? அந்த வாலட் வாடிக்கையாளருடையதுதானா என்பதை நிரூபிக்கவேண்டும் என்று 2019இலேயே சுவிட்சர்லாந்து சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 30 முதல், 1,000 யூரோவுக்கு மேற்பட்ட தொகைக்கு இந்தச் சரிபார்ப்பு கட்டாயம். வாலட்டின் ரகசியச் சாவியால் ஒரு செய்தியில் மின்கையொப்பம் இடலாம். அல்லது அதிலிருந்து சொற்பத் தொகை ஒன்றை அனுப்பிக் காட்டலாம். இதற்கு 'சாத்தோஷி சோதனை' என்று பெயர். இரண்டுமே அந்த நேரத்தில் சாவி கையில் இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். சாவி வச்சிருக்கறவனெல்லாம் வீட்டுக்காரனா?

சரி, பெயர் கிடைத்துவிட்டால் போதுமா? 2023 ஆகஸ்டில் சிங்கப்பூரில் பத்து வெளிநாட்டவர் கைதான வழக்கில், முடக்கப்பட்ட சொத்துகளின் மதிப்பு 300 கோடி வெள்ளியைத் தாண்டியது. அதில் கிரிப்டோவும் இருந்தது. ஆனால் வீடுகளும் கார்களும் வங்கி வைப்புகளும் இருந்தன. பெயர், கடவுச்சீட்டு, படிவம் எல்லாம் கொடுத்துத் திறந்த கணக்குகள் அவை. சிலர் வங்கிகளுக்குப் போலி ஆவணங்கள் கொடுத்திருந்தது நீதிமன்றத்தில் நிரூபணமானது. 2025 ஜூலையில் நாணய ஆணையம் ஒன்பது நிதி நிறுவனங்களுக்கு மொத்தம் 2.745 கோடி வெள்ளி அபராதம் விதித்தது.

செட்டியார் விலாசம் புனிதமானது என்று சொல்ல வரவில்லை. அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவருக்கு அங்கே இடமில்லை. உள்ளே நடந்ததை வெளியார் கேட்கவும் முடியாது. ஆனால் அந்தச் சுருக்கெழுத்துக்கு வலிமை தந்தது பதிவேடு அல்ல. சந்தேகம் வந்தால் நேரில் போய்க் கேட்கத் தெரிந்த ஒருவரும், பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒருவரும் இருந்தார்கள்.

இப்போதைய விதிகளுக்கும் அதுதான் உரைகல். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று 400 வெள்ளி அனுப்பும் தொழிலாளியிடம், "யாருக்கு அனுப்புறீங்க? என்ன உறவு? காசு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்பது சுலபம். அவர் வேலை அனுமதி அட்டையை நீட்டி உண்மையைச் சொல்லிவிடுவார். பங்களா வாங்க வருபவரிடமும் அதே மூன்று கேள்வியைக் கேட்டு, வரும் பதிலை நம்பாமல் ஒருமுறை சரிபார்க்கிறார்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.