வடசென்னையும் பழைய வண்டிகளின் எஞ்சின் உதிரிபாகங்களும்

பழைய கார் ஒன்றை ஓடும் நிலையில் வைத்திருப்பதில் மிகக் கடினமான வேலை, அதன் எஞ்சினுக்கு உரிய உதிரிபாகத்தைத் தேடிப் பிடிப்பதாகும். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தலாம். கிழிந்த இருக்கையைப் புதிதாகத் தைக்கலாம். ஆனால் தேய்ந்த பிஸ்டனுக்கும் எரிந்துபோன வால்வுக்கும் அளவு பிசகாத மாற்றுப் பாகம் வேண்டும். அது இன்று கிடைக்குமா என்பது, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலை எடுத்த முடிவைப் பொறுத்திருக்கிறது. வடசென்னையில் சில கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த எண்ணூர், திருவொற்றியூர் ஆகிய இரு ஊர்களின் தொழில் வரலாறு இதற்கு நல்ல சான்று.

கப்பலில் வந்த கார்கள்

விடுதலைக்கு முன் இந்தியச் சாலைகளில் ஓடிய கார்கள் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்தவை. சில முழு வண்டியாகவே வந்து இறங்கின. வேறு சில, பாகம் பாகமாகப் பிரித்துப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு வந்து, இங்கே பொருத்தி விற்கப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928இல் பம்பாயில் இவ்வாறு தொடங்கியது.

1953இல் மத்திய அரசு, சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று ஒரு முடிவெடுத்தது. படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள், வெறுமனே பாகங்களைப் பொருத்தி விற்பதைத் தொடர முடியாது என்பதே அது. ஜெனரல் மோட்டார்ஸ் போன்றவை வெளியேறின. உள்நாட்டுத் தொழில் வளர இம்முடிவு உதவியது. ஆனால், ஏற்கெனவே சாலையில் இருந்த வெளிநாட்டுக் கார்களுக்கு உதிரிபாக வரத்து குறைந்தது.

எண்ணூர்: நின்றுபோன கார்

1948இல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எண்ணூர் ஆலையில் 1949 முதல் இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்கள் பொருத்தப்பட்டன. நான்கு சிலிண்டரும் 1200 சிசி கொள்ளளவும் கொண்டது அதன் எஞ்சின்.

1950இல் லேலண்ட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1955இல் பெயர் அசோக் லேலண்ட் என மாறியது. ஆலை லாரி, பஸ் உற்பத்திக்குத் திரும்பியது; ஆஸ்டின் கைவிடப்பட்டது. தொழில் நோக்கில் இது சரியான முடிவே. ஆயினும் எண்ணூரில் உருவான கார் ஒன்றுக்கு எண்ணூரிலேயே உதிரிபாகம் இல்லாத நிலை வந்தது.

திருவொற்றியூர்: தொடர்ந்த எஞ்சின்

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூரில் முதலில் புல்லட் மோட்டார் சைக்கிளின் பாகங்கள் பொருத்தப்பட்டன. பிறகு வார்ப்புகளும் அச்சுகளும் இங்கே வந்து, எல்லாப் பாகங்களும் உள்நாட்டிலேயே தயாராயின. இங்கிலாந்துத் தாய் நிறுவனம் 1970 வாக்கில் முடிவுக்கு வந்தது. திருவொற்றியூர் மட்டும் அதே வார்ப்பிரும்பு எஞ்சினைத் தொடர்ந்து செய்தது. 1977இல் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. 1950களின் ஆங்கிலேய புல்லட்டுக்கும் சென்னையில் செய்த பாகங்கள் பல பொருந்தின.

இங்கே கைவிடப்பட்ட எஞ்சின் அரிதானது. அங்கே தொடர்ந்த எஞ்சின் எளிதானது. வண்டியின் வயதைவிட உற்பத்தி நின்ற ஆண்டே முக்கியம் என்பது இதனால் விளங்கும். 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காருக்கு இன்றும் பாகங்கள் கிடைப்பதற்கும் இதுவே காரணம்.

தேடும் முறை

சென்னையில் புதிய உதிரிபாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பாகங்களுக்கு எழும்பூரை அடுத்த புதுப்பேட்டையும் பெயர் பெற்றவை. முதலில் எஞ்சின் எண்ணையும், பாகத்தின் மீது பொறித்த எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். எண் அழிந்திருந்தால் தேய்ந்த பாகமே மாதிரியாகும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடை கடையாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

கிடைக்காதபோது லேத் பட்டறையே வழி. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது வழக்கம். பழைய ஆங்கிலேய எஞ்சின்களுக்கு இது அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு எனப் படிப்படியாக உயரும். அந்த எல்லையும் கடந்தால் ஸ்லீவ் இறக்கி, மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். வேறொரு எஞ்சினின் வால்வைக் கடைந்து பொருத்துவதும் உண்டு. பழைய ஆங்கிலேய வண்டிகளில் விட்வொர்த் வகை மரைகள் இருப்பதால் இன்றைய மெட்ரிக் போல்ட்டுகள் அவற்றில் ஏறா. வற்புறுத்தி முறுக்கினால் மரையே கெட்டுவிடும்.

இந்தத் திறமை சென்னையில் நிலைத்ததற்குச் சுற்றியிருந்த தொழில்களும் காரணம். செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் தோன்றியது. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் ஆகியவை 1960களின் தொடக்கத்தில் வந்தன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சிறு பட்டறைகள் பெருகின.

மூல எஞ்சின் ஏன் வேண்டும்?

பாகம் கிடைக்காததாலும் பெட்ரோல் செலவாலும் பலர் பழைய கார்களில் டீசல் எஞ்சினை மாற்றிப் பொருத்தினர். கழற்றப்பட்ட மூல எஞ்சின்கள் பல பழைய இரும்பு எடைக்குப் போயின. அதனால் அவற்றின் பாகங்கள் மேலும் அரிதாயின.

2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை ‘விண்டேஜ்’ எனப் பதிவு செய்ய வழி வகுத்தன. ஆனால் சட்டகம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எனவே எஞ்சின் மாறிய கார் இத்தகுதியை இழக்க நேரிடும். ஒரு காலத்தில் வேண்டாமென எறிந்த எஞ்சினே இன்று வண்டியின் அடையாளமாகிவிட்டது.

பாகத்தின் வரைபடமும் அளவுக் குறிப்பும் எங்கும் எழுதி வைக்கப்படாவிட்டால், அவை கைதேர்ந்த மெக்கானிக்கின் நினைவில் மட்டுமே இருக்கும். அவர் ஓய்வு பெறும்போது அவையும் மறையும். தேய்ந்த பாகத்தை எறிந்துவிடாமல் வைத்திருப்பதும், அதன் அளவுகளைக் குறித்து வைப்பதும், கையேடுகளைப் படியெடுத்துக் காப்பதும் பழைய வண்டியைக் காப்பதன் பகுதிகளே.