எழுத்தின் குற்றமா?

தில்லை நகரில் நாம் பணியாற்றும் பள்ளியின் தமிழ் வினாத்தாள், அச்சகத்துக் கணினியில் திறக்கப்பட்டது. திருக்குறள் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்! இரவெல்லாம் விழித்து மீண்டும் அடித்தோம். அருகிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "247 எழுத்துள்ள மொழி கணினிக்கு ஒத்துவராது, தம்பி!"

ஒத்துவராதா? வரலாற்றைக் கேட்போம்.

1978இல் ஜப்பானியர் வகுத்த கணினித் தரத்தில் 6,802 குறிகள் இடம்பெற்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒலிப்படி அடித்தால், சீனவழி வந்த எழுத்தைத் தேடித் தரும் பொறியைத் தோஷிபா நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்டது. எழுத்து மிகுதி என்று அவர்கள் ஏங்கி நிற்கவில்லை. பொறியைத் தம் மொழிக்குப் பழக்கினர். ஆனால், அந்தத் தரத்தைப் பலர் பலவாறு பொதிந்தபோது அங்கும் எழுத்து சிதைந்தது. அச்சிதைவை 'மொஜிபாக்கே' என்றனர்.

அதே 1978இல் இங்கு நடந்ததென்ன? பெரியார் 1935இல் 'குடிஅரசு' ஏட்டில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு ஏற்றது. ணா, றா, னா, லை, னை முதலிய 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் ஒழிந்தன. அச்சுக்கோப்பவரின் சுமை குறைந்தது. வடிவில் ஒன்றுபட்ட நாம், பின்னர் வந்த கணினியில் ஒன்றுபட்டோமா? இல்லை! நிறுவனத்திற்கொரு எழுத்துரு, எழுத்துருவிற்கொரு குறியீடு! ஆங்கில எழுத்தின் எண்ணில் தமிழ் வடிவத்தைக் குடிவைத்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலமே தலைகாட்டிற்று. நம் வினாத்தாள் சிதைந்ததும் இதனாலேயே.

1991இல் வெளிவந்த யூனிகோடு, தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. 247 எழுத்துக்கு அது போதுமா? போதும். 'க'வுக்கு ஓர் எண், இகரக் குறிக்கு ஓர் எண். இரண்டும் சேர்ந்தால் 'கி'. 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையொட்டி, 'தமிழ் 99' விசைப்பலகை பொது அமைப்பாயிற்று. யூனிகோடைத் தமிழ்நாட்டரசு ஏற்றதோ 2010இல்! இலை போட்டு அழைத்த பின்னும் 19 ஆண்டுகள் வாசலில் நின்றோம்.

இன்றும் பழைய எழுத்துருக்கள் அச்சகங்களில் வாழ்கின்றன. நம் மாணவரோ, கைப்பேசியில் 'வணக்கம்' என்பதையும் ஆங்கில எழுத்தில் அடிக்கின்றனர். கருவி கையிலிருக்க, கற்பிக்காதது யார் பிழை? ஆசிரியராகிய நம் பிழையே! வினாத்தாளை யூனிகோடில் அடிப்போம். வகுப்பில் 'தமிழ் 99' பழக்குவோம்.

6,802 ஒத்துவந்த கணினிக்கு 247 ஒத்துவராதா, பெரியவரே? குற்றம் எழுத்தில் இல்லை. ஒன்றுபடத் தாமதித்த நம்மிடத்தில்!