நாளிதழ் வாசிப்பும் பாரதியின் படைப்பாக்கமும்

முன்னுரை

படைப்பாளன் நாள்தோறும் எதைப் படிக்கிறான், எதை எழுதுகிறான் என்பது அவனது படைப்பு மொழியையும் பாடுபொருளையும் பாதிக்கும். பாரதியின் இதழ்ப்பணியைப் பிழைப்புக்கான தொழிலாக மட்டும் கருதிக் கவிதையிலிருந்து பிரித்து நோக்குவது உண்டு. அப்பணி அவரது படைப்பாக்கத்தில் ஏற்படுத்திய மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

மொழிநடை மாற்றம்

1904 ஜூலையில் மதுரை 'விவேகபாநு' இதழில் வெளிவந்த 'தனிமை இரக்கம்' புலவர் மரபைச் சார்ந்த செறிந்த நடையில் அமைந்தது. அவ்வாண்டின் இறுதியில் பாரதி சென்னைக்கு வந்து, ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவியாசிரியரானார். ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது அவரது அன்றாடப் பணியாயிற்று. புலமைப் பயிற்சி இல்லாத வாசகருக்கும் பொருள் விளங்க எழுத வேண்டிய கட்டாயம் அப்பணியில் இருந்தது. 1912இல் வெளிவந்த 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகத்தின் முன்னுரையில் எளிய சொல், எளிய நடை, பொதுமக்கள் விரும்பும் மெட்டு ஆகியவற்றை அவர் காவியத்திற்கே வேண்டுகிறார். இம்மாற்றத்திற்குச் சுதேசி இயக்கமும் நாட்டுப்புற இசையும் காரணமாயின எனினும், இதழ்ப்பயிற்சியின் பங்கைப் புறந்தள்ள இயலாது.

பாடுபொருள் விரிவு

செய்தி வாசிப்பு பாரதியின் கவிதைக்கு உலகப் பரப்பை அளித்தது. 1914இல் ஜெர்மானியப் படையெடுப்புக்கு உள்ளான பெல்ஜியம், 1917இல் ஜார் ஆட்சி வீழ்ந்த ருஷியா, பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற இந்தியப் பெண்கள் ஆகியன அவரது பாடுபொருள்களாயின. இந்நாடுகள் எதையும் அவர் நேரில் கண்டதில்லை. ஆயினும் இப்பாடல்கள் செய்தியைச் செய்யுளாக்கியதோடு நின்றுவிடவில்லை. பெல்ஜியத்தின் தோல்வியில் அறத்தின் மேன்மையையும், பிஜிப் பெண்களின் துயரில் உடன்பிறப்புணர்வையும் அவை காண்கின்றன.

இதழ் நின்ற காலம்

1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழ் 1908இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. அரசின் அடக்குமுறையால் 1910இல் நின்றது. 'பாஞ்சாலி சபதம்', 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு' ஆகியன புதுச்சேரி வாழ்க்கையின் விளைவுகள். இதழ்ப்பணி ஓய்ந்த காலத்தோடு நெடும்படைப்புகளின் பெருக்கம் பொருந்தி வருவது கருதத்தக்கது. வார இதழின் கெடு குறுகிய வடிவங்களுக்கே இடம் தந்தது எனவும், ஓய்வு நெடிய வடிவங்களுக்கு வழிவிட்டது எனவும் இதனைக் கொள்ளலாம். அந்த ஓய்வு விரும்பிப் பெற்றதன்று. வறுமையோடும் கண்காணிப்போடும் வந்தது என்பதையும் மறத்தலாகாது.

முடிவுரை

அன்றாட ஊடகப் பழக்கம் பாரதிக்கு எளிய மொழியையும் விரிந்த உலகையும் தந்தது. அதிலிருந்து விலகிய இடைவெளி அவ்விரண்டையும் நெடும்படைப்புகளாக்க உதவியது. எனவே அவரது இதழ் எழுத்துகளையும் கவிதைகளையும் கால வரிசையில் இணைத்துப் பயிலும்போதே அவரது படைப்பு வளர்ச்சி முழுமையாகப் புலப்படும்.