மீண்டெழும் தாரைகள்

வானம் மாறாதது என்னும் எண்ணம் மனித குலத்தின் மிகப் பழைய நம்பிக்கைகளுள் ஒன்று. அரசுகள் எழுந்தன, வீழ்ந்தன. விண்மீன்கள் மாத்திரம் தத்தம் இடத்தே நின்றன. ஆதலின் நிலைபேற்றை நாடியோர் மேலே நோக்கினர். இருபதாம் நூற்றாண்டின் வானியல் இந்நம்பிக்கையைத் தகர்த்தது. விண்ணுக்கும் வரலாறு உண்டென அது நிறுவிற்று. அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயத்தை, ஓய்ந்து ஓய்ந்து மீண்டெழும் வானொலி விண்மீன் திரள்களின் கதையை, ஈண்டு நோக்குவோம்.

இக்கதை ஓர் இரைச்சலில் தொடங்குகின்றது. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து நிகழ்ந்த வானொலித் தொலைபேசி உரையாடலைக் குழப்பும் ஒலிகளின் மூலத்தைக் கண்டறியும் பணி, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கார்ல் யான்ஸ்கி என்னும் இளம் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. இடிமின்னலின் ஒலிகளைப் பிரித்தறிந்த பின்னரும் ஓர் இரைச்சல் எஞ்சிற்று. அது பால்வீதியிலிருந்து வருகின்றதென 1933இல் அவர் அறிவித்தார். இடையூறு யாதெனத் தெரிந்தபின் வணிகத்துக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. யான்ஸ்கி வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டார். 1937இல் குறோட் றேபர் என்பவர் தமது வீட்டு வளவிலே, சொந்தப் பணத்தில், 9 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட அகலமுடைய கிண்ண வடிவத் தொலைநோக்கியொன்றை அமைத்து, தனியொருவராகவே அப்பணியைத் தொடர்ந்தார்.

யுத்தத்தின் பின் நிலைமை மாறிற்று. றேடார்க் கருவிகளிற் பயின்றோர் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் தமது திறனை வானை நோக்கித் திருப்பினர். 1953இல் இங்கிலாந்தின் ஜோட்றல் பாங்கில் றோஜர் ஜெனிசனும், கல்கத்தாவிலிருந்து சென்ற மிருணாள் குமார் தாஸ் குப்தாவும், அன்னம் எனப்படும் விண்மீன் கூட்டத்தின் திசையில் உள்ள வலிய வானொலி மூலம் இரட்டையானது எனக் கண்டனர். நடுவே ஒரு திரள்; அதன் இருமருங்கும், கண்ணுக்குப் புலனாகாது, வானொலி அலைகளை வீசும் இரு பெரும் மடல்கள். இத்தகைய மடல்களுள் அடங்கிய சக்தியை ஜெவ்றி பேர்பிட்ஜ் 1950களின் பிற்பகுதியிற் கணக்கிட்டபொழுது, விண்மீன்கள் எரியும் முறையால் அதனை விளக்குதல் அரிதென்பது தெளிவாயிற்று. திரள்களின் மையத்தில் மாபெருந் திணிவுடைய கருந்துளைகள் உள்ளன, அவற்றை நோக்கி வீழும் வாயுவே இச்சக்தியின் ஊற்று என்னும் கருத்தை 1969இல் டொனால்ட் லிண்டன்-பெல் முன்வைத்தார்.

வீழும் வாயு வட்டத் தட்டுப்போற் சுழல்கின்றது. அதன் ஒரு பகுதி கருந்துளையினுட் புகாது, இரு எதிர்த் திசைகளிலே தாரைகளாக வெளியே பாய்கின்றது. தாரைகள் கொணர்ந்த இலத்திரன்கள் காந்தப் புலத்திற் சுழன்று வானொலி அலைகளை வெளியிடுகின்றன. தாரை நின்றுவிட்டால் மடல்கள் உடனே மறைவதில்லை. மிகுந்த சக்தியுடைய இலத்திரன்களே முதலில் அதனை இழக்கின்றன. ஆதலின் உயர் மீடிறன்களில் மடல் விரைந்து மங்கும், தாழ் மீடிறன்களிலோ நெடுங்காலம் நின்று தோன்றும்.

2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளரான ஸ்கூன்மேக்கர்சும் அவர்தம் குழுவினரும், மங்கிய பழைய மடலிணை ஒன்றும் அதனுள்ளே புதிய மடலிணை ஒன்றுமாக, ஒரே அச்சில் அமைந்த திரள்கள் சிலவற்றை ஆராய்ந்து, அவற்றுக்கு ‘இரட்டை இரட்டை’ எனப் பெயரிட்டனர். மூன்று இணைகளைக் கொண்ட திரளொன்றும் 2007இல் அறிவிக்கப்பட்டது. எழுச்சிகளுக்கிடையேயான ஓய்வு, சில இலட்சம் ஆண்டுகள் முதல் கோடிக்கணக்கான ஆண்டுகள் வரை நீள்கின்றது.

இவ்வாராய்ச்சிக்குத் தாழ் மீடிறன் கருவிகள் இன்றியமையாதன. இத்துறையில் இந்தியாவின் பங்கு பெரிது. கோவிந்த் சுவரூப்பின் தலைமையில் உதகமண்டலத்துக்கு அருகே 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட தொலைநோக்கி எழுந்து, 1970இல் இயங்கலாயிற்று. அவ்விடத்து அகலக்கோட்டின் அளவாகிய 11 பாகை சரிந்த மலைச்சாரலொன்றைத் தேர்ந்து, கருவியின் அச்சைப் பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக்கினர். வறிய நாடொன்று தன் நிலத்தின் இயல்பையே கருவியின் உறுப்பாக்கிக்கொண்டது. பின்னர் புனேக்கு அருகே, 45 மீற்றர் விட்டமுடைய 30 கிண்ணங்களும் சேர்ந்த மாபெருந் தொலைநோக்கித் தொகுதியும் அவரது முயற்சியாலேயே உருப்பெற்றது. மீண்டெழும் திரள்கள் பல அதன்வழி ஆராயப்பட்டுள்ளன.

தாரை ஏன் நின்று, ஏன் மீண்டும் எழுகின்றது? வாயு வரவு குன்றுங்கால் அது தளர்கின்றது. வேறொரு திரளுடன் மோதுதல் முதலியவற்றாற் புதிய வாயு வருங்கால் உயிர்க்கின்றது. இன்னுமோர் உண்மையும் உண்டு. தாரை தன்னைச் சூழ்ந்த வாயுவைச் சூடாக்கித் தள்ளுகின்றது. அவ்வழித் தனக்கு வரும் உணவைத் தானே தடுத்துக்கொள்கின்றது. வாயு மெல்லக் குளிர்ந்து மீண்டும் வீழும்பொழுது தாரையும் மீள்கின்றது. பேர்சியஸ் திரட்கூட்டத்தின் வெப்ப வாயுவில், அடுத்தடுத்த எழுச்சிகள் குடைந்த குழிகளை எக்ஸ் கதிர்ப் படங்கள் காட்டியுள்ளன.

இங்கே ஒரு மயக்கத்தை நாம் விலக்குதல் வேண்டும். ‘படைப்பும் ஒடுக்கமும் மாறி மாறி வரும், யுகங்கள் சுழலும் என நம் முன்னோர் கூறியதும் இதுவே’ எனச் சிலர் மகிழக்கூடும். நுணுகி நோக்குவோர்க்கு இது பொருந்தாது. முதல் தாரை அடர்ந்த வாயுவைப் பிளந்து சென்றது. இரண்டாவது தாரையோ முன்னது விட்டுச்சென்ற ஐதான வெளியினூடே பாய்கின்றது. களம் மாறிவிட்டமையால் அதன் வேகமும் மடல்களின் தோற்றமும் மாறுகின்றன. முந்திய நிகழ்வு பிந்தியதன் நிபந்தனையாகின்றது. சக்கரச் சுழற்சியில் முன்னைச் சுற்றுக்குத் தடமில்லை. இங்கோ ஒவ்வோர் எழுச்சியும் முன்னதன் தடத்தின் மேலேயே நிகழ்கின்றது. இதனையே நாம் வரலாறு என்கின்றோம்.

நமது பால்வீதியின் மையத்திலும், சூரியனைப் போல ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு திணிவுடைய கருந்துளையொன்று இன்று அமைதியுற்றிருக்கின்றது. யான்ஸ்கி கேட்ட இரைச்சல் மிக்கு வந்த தனு இராசியின் திசையிலேயே அது உள்ளது. அம்மையத்தின் மேலும் கீழுமாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு நீண்ட இரு காமாக் கதிர்க் குமிழிகள் 2010இல் அறிவிக்கப்பட்டன. அவை கருந்துளையின் பழைய எழுச்சியொன்றின் எச்சம் என்பாரும், விண்மீன்கள் பெருவாரியாகப் பிறந்து மடிந்ததன் விளைவு என்பாரும் உளர். எதுவாயினும், இன்றைய அமைதியை மாத்திரம் கண்டு ஒன்றன் இயல்பைத் தீர்மானித்தல் தகாது என்பதை அவை உணர்த்துகின்றன. ஓய்ந்திருப்பதன் கடந்த காலத்தை ஆராயாதவர், அது நாளை எழுங்கால் அதனை அற்புதம் என்றே கொள்வர்; ஆராய்ந்தவர் அதன் காரணத்தை அறிவர்.