வேலியே பயிரை மேயாதிருக்க

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது என்ன என்று கேட்கும் நம் நாட்டுப் பழமொழி, மனித உடலுக்கும் முற்றிலும் பொருந்தும். நோய்க் கிருமிகளை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்களே நம் உடலின் வேலி. அவ்வேலி உடலையே மேயத் தொடங்கினால் முடக்குவாதம், இளம்பிராயத்து நீரிழிவு போன்ற துன்பங்கள் தோன்றுகின்றன. பெரும்பாலோரிடம் அது மேயாதிருப்பது ஏன்? அறிஞர் உலகம் இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாற்றை இங்குச் சுருங்கக் கூற விழைகிறேன்.

ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1901-ஆம் ஆண்டை ஒட்டி வெள்ளாடுகளைக் கொண்டு சோதனைகள் நிகழ்த்தினார். ஓர் ஆட்டின் இரத்தத்தை மற்றோர் ஆட்டின் உடலில் செலுத்தியபோது, அயல் செவ்வணுக்களை அழிக்கும் பொருள் அதனுள் உண்டாயிற்று. ஆயினும் அப்பொருள் அந்த ஆட்டின் சொந்தச் செவ்வணுக்களைத் தீண்டவில்லை. உடல் தனக்குத்தானே நஞ்சாக அஞ்சுகிறது என்றார் எர்லிக். அவ்வச்சத்தை நிலைநிறுத்தும் காவலர் யார் என்பது மட்டும் அன்று விளங்கவில்லை.

மார்பெலும்பின் பின்னே தைமஸ் என்றொரு சிறு சுரப்பி உண்டு. அது பயனற்றது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த சுண்டெலிகளிடமிருந்து அதனை நீக்கினார். அவை தொற்று நோய்களுக்கு எளிதில் இரையாயின. பின்னர் டி அணுக்கள் எனப் பெயர் பெற்ற வெள்ளணுக்கள் பயிலும் பள்ளி அச்சுரப்பியே. சொந்த உடலைத் தாக்கவல்ல அணுக்களுள் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன.

1969-இல் ஜப்பானில் நிஷிஸுகா, சகாகுரா என்னும் இருவர் ஒரு புதுமை கண்டனர். பிறந்த மூன்றாம் நாள் தைமஸ் நீக்கப்பட்ட பெண் சுண்டெலிகளின் சினைப்பை சிதைவுற்றது. வேலி பயிரை மேய்ந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. சுரப்பியை நீக்கினால் காவல் தளர வேண்டும். வரம்பு மீறியது எங்ஙனம்? தாக்கும் அணுக்களை அடக்கும் அணுக்களும் அங்கிருந்தே வருகின்றன போலும்!

அடக்கும் அணுக்கள் உண்டு என்னும் கருத்து 1970-களில் பரபரப்புடன் பேசப்பட்டது. ஆனால் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட மரபணு, குறித்த இடத்தில் இல்லவே இல்லை என்று 1980-களில் தெரிந்தது. கருத்து இகழ்ச்சிக்கு உள்ளாயிற்று. பலர் அத்துறையையே கைவிட்டனர்.

கைவிடாதவர் ஷிமோன் சகாகுச்சி. தைமஸ் நீக்கப்பட்ட சுண்டெலிக்கு, அதே மரபுடைய நலமான சுண்டெலியின் டி அணுக்களைச் செலுத்தினால் நோய் தடைப்படுவதை அவர் தம் கண்ணால் கண்டிருந்தார். அவ்வணுக்களுள் அடக்குவது எது என்று அறிய ஓர் அடையாளம் வேண்டும். பத்தாண்டுக்கு மேல் அதனைத் தேடினார். 1995-இல் சிடி25 என்னும் புரதத்தை மேற்பரப்பில் தாங்கிய அணுக்களே அவை என்று நிலைநாட்டினார். அப்போதும் ஐயுற்றவர் பலர்.

ஐயம் தீர்த்தது, இதனோடு தொடர்பே இல்லாதது போல் தோன்றும் வேறொரு கதை. 1949-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் சில ஆண் சுண்டெலிகள் செதில் படிந்த தோலுடன் பிறந்து, சில வாரங்களிலேயே மாண்டன. குறை எக்ஸ் குரோமோசோமில் இருந்தது. அம்மரபு பேணி வளர்க்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும், பழுதுற்றது எந்த மரபணு எனத் தேடினர். ஐயத்துக்கு இடமான 20 மரபணுக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர், பத்தொன்பதில் பழுதில்லை, இருபதாவதில் இருந்தது! 2001-இல் வெளியிடப்பட்ட அம்மரபணுவின் பெயர் ஃபாக்ஸ்பி3. ஆண் குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே வாட்டும் ஐபெக்ஸ் என்னும் கொடிய நோய்க்கும் அதன் பழுதே காரணம் என்று அவ்வாண்டே தெரியவந்தது. 2003-இல் இரு கதைகளும் ஒன்றாயின: சகாகுச்சி கண்ட காவலணுக்களை உருவாக்குவது அதே மரபணுவே. இம்மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இருப்புப்பாதையை அண்டி வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வண்டிக்கு எஞ்சின் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது பிரேக்கு. எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குவதாகக் கூறி விற்கப்படும் பொருள்கள் இன்று கடைதோறும் உண்டு. பெருக்குவது ஒன்றே நலம் என எண்ணுவது பிழை, அளவே நலம். அடக்கும் அணுக்களைப் பெருக்கித் தன்னைத்தான் தாக்கும் நோய்களைத் தணிக்கவும், புற்றுக் கட்டிகளைச் சூழ்ந்து காக்கும் அதே அணுக்களை அகற்றவும் மருத்துவர்கள் முயன்று வருகின்றனர்.

பிறிதொரு படிப்பினையும் உண்டு. ஒரு கருத்துக்குக் காட்டிய சான்று பொய்த்தமையால், கருத்தே பொய் என்று உலகம் ஒதுக்கிற்று. கண்டதை விடாது பற்றி, புதுச் சான்று தேடிய ஒருவரால் அது மீண்டது. கல்வி பயிலும் நம் காலனிச் சிறுவர் சிறுமியர் பரிசின் பெருமையை மட்டுமன்றி, அதற்கு முன் நின்ற பொறுமையையும் நெஞ்சிற் கொள்வாராக.