யாருடைய சொலிசிட்டர்?

இங்கிலாந்தில் முதன்முதலாக வீடு வாங்க முனையும் ஒருவர், வீட்டைத் தேர்ந்த கையோடு ஒரு சொலிசிட்டரையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நீதிமன்றத்தில் நின்று வாதாடும் பாரிஸ்டரிலிருந்து வேறானவர் இவர். அலுவலகத்தில் அமர்ந்து பத்திரங்களைப் படிப்பவர். விற்பவரின் உரிமையில் வில்லங்கம் உண்டா என்று துருவுபவர். பணம் கைமாறும் நாள்வரை வாங்குபவரின் கண்ணாக இருக்க வேண்டியவர். 'தேர்ந்தெடுப்பது' என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அங்கே அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் வந்து அரை நூற்றாண்டுக்குமேல் ஆகவில்லை.

இவ்வளவு துருவல் ஏன் தேவைப்பட்டது? நிலத்துக்கு அரசுப் பதிவேடு இல்லாத காலத்தில் பத்திரக் கட்டுதான் உரிமை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வாங்குபவரின் ஆள் அறுபது ஆண்டுகாலப் பத்திரங்களைப் பின்னோக்கிப் படிப்பது வழக்கம். சட்டம் அதை 1874இல் நாற்பதாகவும், 1925இல் முப்பதாகவும், 1969இல் பதினைந்தாகவும் குறைத்தது. இதற்கும் மேலாக, 'வாங்குபவரே விழித்திருக்க' என்பது அந்நாட்டுச் சட்ட மரபு. கூரை ஒழுகுவதை விற்பவர் தானாக முன்வந்து சொல்ல வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே ஆங்கிலேயர் 1882இல் இந்தியாவுக்கென இயற்றிய சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க இயலாத முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியே தீரவேண்டும் என்கிறது. தம் வீட்டில் நடாத மரத்தை நம் முற்றத்தில் நட்டார்கள்.

பத்திரம் வரையும் தொழில் தொடக்கத்தில் சொலிசிட்டர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. லண்டனில் 'ஸ்கிரிவனர்' எனப்பட்ட பத்திர எழுத்தர்கள் அதைச் செய்தனர். வட்டிக்குக் கடனும் கொடுத்தனர். கவிஞர் மில்டனின் தந்தை அத்தகைய ஓர் எழுத்தர்தான். 1804இல் நிலைமை மாறியது. நெப்போலியனுடனான போருக்குப் பணம் தேடிக்கொண்டிருந்த பிரதமர் பிட்டின் அரசு, அட்டர்னிகளும் சொலிசிட்டர்களும் ஆண்டுதோறும் தொழில் உரிமத்துக்குச் செலுத்திய வரியை உயர்த்தியது. அதே ஆண்டின் முத்திரைத்தாள் சட்டத்தில், கட்டணம் பெற்று நிலவுரிமைப் பத்திரம் வரையும் உரிமை தகுதிபெற்ற சட்டத்தொழிலர்க்கு மட்டுமே என்ற விதி நுழைந்தது. வரியேற்றத்துக்கு ஈடாக அளிக்கப்பட்ட சலுகை அது என்பதே வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்வது. வாங்குபவரைக் காப்பதற்காகப் பிறந்ததாகப் பின்னாளில் போற்றப்பட்ட ஏகபோகம், கருவூலத்தின் பசியில் பிறந்தது.

கூலி கணக்கிடப்பட்ட முறை இன்னும் சுவையானது. பத்திரத்தின் நீளத்துக்கு ஏற்பவே ஊதியம். எழுபத்திரண்டு சொற்கள் சேர்ந்தால் ஒரு 'ஃபோலியோ'. எத்தனை ஃபோலியோவோ அத்தனைக்கும் பணம். ஒரே பொருளை நான்கு சொற்களால் சொல்லும் ஆங்கிலப் பத்திர நடைக்கு, பழமைப் பற்றைப்போலவே இந்தக் கணக்கும் காரணம். சொல்லுக்குக் கூலி வாங்குபவன் சொற்சிக்கனம் பேண வேண்டும் என்று எதிர்பார்ப்பது தகாது! 1881இல் பத்திரங்களைச் சுருக்க வழிசெய்த சட்டம் வந்தபோது, கூலியை மாற்றும் சட்டமும் உடன் வந்தது. நீளம் போய், சொத்தின் விலைக்கேற்ற வீதம் வந்தது. ஒரே ஆண்டில் இரண்டும் நிகழ்ந்தது தற்செயல் ஆகாது.

அந்தக் காலத்தில் சொலிசிட்டரை யாரும் தேடிப் போகவில்லை. குடும்பத்தோடு சேர்ந்தே வந்தார். சிறுவயதில் இத்தகைய அலுவலகமொன்றில் எழுத்தராக இருந்த டிக்கன்ஸ், 'பிளீக் ஹவுஸ்' நாவலின் டல்கிங்ஹார்னில் இந்த மனிதரின் நிழலை நமக்குக் காட்டினார். கால்ஸ்வொர்தியின் 'சொத்துடைய மனிதன்' 1906இல் வெளிவந்தபோது அதன் நாயகன் சோம்ஸ் ஃபோர்சைட்டும் சொலிசிட்டர்தான். சாமானியருக்கு இவர்களிடம் வேலை இல்லை. 1918இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொந்த வீட்டில் வாழ்ந்த குடும்பங்கள் ஏறத்தாழ 23 விழுக்காடே. 1971இல் அது பாதியைத் தொட்டது. ஆக, குமாஸ்தாவும் ஆசிரியரும் தொழிலாளியும் முதல் வீட்டுக்காகச் சொலிசிட்டரின் படியேறியது 20ஆம் நூற்றாண்டில்தான். அப்போதும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. கட்டணம் எங்கும் ஒரே அட்டவணைப்படி. விளம்பரம் செய்யவோ தொழில் விதிகளின்படி தடை.

அட்டவணைக் கட்டணம் 1973 தொடக்கத்தில் ஒழிந்தது. 1976இல் மைக்கேல் ஜோசப் என்ற சொலிசிட்டரே, வீட்டுப் பத்திரத் தொழிலை மோசடி என்று தலைப்பிலேயே சாடும் நூலை வெளியிட்டார். 1979இல் அரச ஆணையமோ ஏகபோகம் தொடரலாம் என்றது. உடைத்தவர் கிரிம்ஸ்பி தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் ஆஸ்டின் மிட்சல். 1983 டிசம்பரில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா இரண்டாம் வாசிப்பில் வென்றுவிட, அரசு இறங்கிவந்தது. 1984இல் சொலிசிட்டர்கள் விளம்பரம் செய்ய அனுமதி கிடைத்தது; 1985ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் பெற்ற பத்திரத் தொழிலர் என்ற புதிய பிரிவினருக்கு வழிவிட்டது. போட்டியாளர்கள் களத்துக்கு வருமுன்பே சொலிசிட்டர்களின் கட்டணம் சரியத் தொடங்கிவிட்டது. 1990 டிசம்பர் முதல், நிலம் விற்கப்படும்போது பதிவேட்டில் ஏற்றுவது நாடு முழுதும் கட்டாயமாயிற்று.

விலை குறைந்தது, நல்லதுதான். ஆனால் மலிவான வேலைக்கு ஆள் பிடித்துத் தருபவர் தேவைப்பட்டார். வாடிக்கையாளரை அனுப்பிவைக்கும் தரகருக்குச் சொலிசிட்டர் பணம் கொடுக்கலாம் என்று 2004இல் விதி தளர்ந்தது. இங்கேதான் கதை கசக்கிறது.

2000களின் பிற்பகுதியிலும் 2010களிலும் வீடுகட்டும் நிறுவனங்கள் சில, தனி வீடுகளைக்கூட முழு உரிமையாக விற்காமல் நீண்டகாலக் குத்தகையாக விற்றன. அதில் ஆண்டு நிலவாடகை ஒன்று உண்டு. சில குத்தகைகளில் அது பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 250 பவுண்டில் தொடங்கும் வாடகை ஐம்பது ஆண்டில் 8,000 பவுண்டு. வாங்கியவர்களில் முதல் வீட்டுக்காரர்கள் ஏராளம். பலர், நிறுவனமே பரிந்துரைத்த சொலிசிட்டரிடம் போனவர்கள். அவரிடம் போனால் தள்ளுபடியோ சலுகையோ கிடைக்கும் என்று சொல்லப்பட்டவர்கள். இந்த இரட்டிப்பு விதி குத்தகைப் பத்திரத்தில் அச்சாகியே இருந்தது. படித்துச் சொல்ல வேண்டியவர் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே அவர்களுடைய குற்றச்சாட்டு. 2017இல் பெரிய நிறுவனமொன்று இவ்வாடகைகளைச் சீராக்க 13 கோடி பவுண்டு ஒதுக்கியது. 2019 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு, குறிப்பிட்ட சொலிசிட்டரை நாடச் செய்வதற்காகச் சலுகை காட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது.

என் பார்வையில், சொல்லுக்குக் கூலி வாங்கிய பழைய அட்டர்னியைவிட இந்தப் புதியவர் ஆபத்தானவர். முன்னவர் பணத்தைக் கூடுதலாகக் கறந்தாலும், அதைக் கொடுத்த வாடிக்கையாளருக்குக் கடமைப்பட்டிருந்தார். பின்னவருக்கு அடுத்த மாதமும் ஆள் அனுப்பப்போவது வீடு விற்கும் நிறுவனம். வாங்குபவரோ வாழ்வில் ஒருமுறை வருபவர். 2018 டிசம்பர் முதல் சொலிசிட்டர் நிறுவனங்கள் வீட்டுப் பத்திரக் கட்டணத்தைத் தம் இணையத்தளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. எவ்வளவு என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு எம்மைக் காட்டியவர் யார், அவருக்கு நாங்கள் என்ன கொடுத்தோம், கடன் தரும் வங்கிக்கும் நாங்களே வேலை செய்கிறோமா என்பதையெல்லாம் வாங்குபவர்தான் வாய்திறந்து கேட்க வேண்டும். அதையும் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டும்.

2022 ஜூன் 30இல் நடைமுறைக்கு வந்த சட்டம், அதன்பின் தரப்படும் புதிய நீண்டகாலக் குத்தகைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிலவாடகையை இல்லாமல் ஆக்கியது. முன்னரே வாங்கியவர்களுக்கு அது பொருந்தாது. கவனக்குறைவுக்காகச் சொலிசிட்டர்மீது வழக்குத் தொடுக்க அந்நாட்டில் பொதுவாக 6 ஆண்டுகள். பிறகுதான் தெரியவந்தது என்று நிறுவ முடிந்தால் சற்று நீளும். நிலவாடகை முதன்முறை இரட்டிப்பாவது 10ஆம் ஆண்டில்.