போர்முனையில் வீரர், நீதிமன்றத்தில் குழந்தை

வாதி, பிரதிவாதி ஆகிய இருவர் கூற்றையும் கேட்ட பின்னரே தீர்ப்பளிக்க வேண்டும் என்பது நீதியின் பாலபாடம். ஆனால் பிரதிவாதி எல்லைப்புறத்தில் காவல் நிற்கும் படைவீரராயின் என் செய்வது? நம் நாட்டுச் சட்டம் இதற்குப் படிப்படியாக விடை கண்ட வரலாற்றை நோக்குவோம்.

1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் ஒரு வழியைக் காட்டிற்று. விடுமுறை பெற இயலாத வீரர், தம் மேலதிகாரி முன்னிலையில் எழுத்து மூலம் வேறொருவரைத் தமக்காக வழக்காட நியமிக்கலாம். முதல் உலகப் போரிலோ பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். தம்மீது வழக்கு நடப்பதையே அறியாதவர் யாரை நியமிப்பார்? ஆகவே 1918-இல் படைவீரர் வழக்குகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1925-இல் அது திருத்தித் தொகுக்கப்பட்டது. போர்ச் சூழலில் பணிபுரியும் வீரர் தமக்காக வாதிட ஆளின்றி இருப்பதைக் கலெக்டர் நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம், வழக்கை ஒத்திவைக்கலாம், அவர் இல்லாதபோது பிறந்த தீர்ப்பை, நீதி வேண்டினால், நீக்கவும் செய்யலாம் என்று 1925-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது.

இவ்வேற்பாடு நிலத் தகராறுகளுக்குப் பெரிதும் பொருந்தும். வயலும் வரப்பும் வீரர் திரும்பும் வரை காத்திருக்கும். குழந்தையின் வளர்ச்சியை ஒத்திவைக்க இயலுமா? இங்கேதான் சிக்கல் எழுகிறது.

வேலூரைச் சேர்ந்த வீரர் ஒருவர் லடாக்கில் இருக்கிறார். மனைவியும் குழந்தையும் புனேயில் வாழ்கின்றனர் என்று கொள்வோம். மணவாழ்வு முறிந்தால், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றமே பொறுப்பு யாருக்கு என்பதை விசாரிக்கும். அங்கே குழந்தையின் நலனே தலையாயது என்பதை 1956-ஆம் ஆண்டின் இந்து இளையோர் காப்பாளர் சட்டம் உறுதி செய்தது. மேலும், 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின்படி வழக்கறிஞரை வைத்துக்கொள்வது உரிமையன்று. நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். எனவே நேரில் வர இயலாதவரின் குறை இங்கே இன்னும் பெரிதாகிறது.

இக்குறையை ஓரளவு நீக்குவது 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 32-ஆம் பிரிவு. வழக்குக்காக விடுமுறை பெற்றதற்கோ கோரியதற்கோ ராணுவ அதிகாரியின் சான்றிதழைக் காட்டி வேண்டினால், இயன்றவரை அவ்விடுமுறைக்குள்ளேயே வழக்கை விசாரித்து முடிக்க வேண்டும் என்கிறது அது. நிறுத்திவைப்பதைவிட விரைந்து கேட்பதே குழந்தைக்கும் நன்று. அதே சட்டம், மனைவி மக்களின் பராமரிப்புக்காக வீரரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யவும் இடமளிக்கிறது. ஆகவே நாட்டுப்பணி குடும்பக் கடமைக்கு விலக்காகாது. குழந்தையின் பொறுப்புப் பற்றிய ஆணைகள் மாறும் சூழ்நிலைக்கேற்ப மாற்றத்தக்கவை என்று உச்ச நீதிமன்றம் 1973-இல் கூறியதும் வீரருக்கு ஆறுதலாகும்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தாய் அல்லது தந்தை பணியின் காரணமாகத் தொலைவில் இருப்பதையே குறையாக எண்ணலாமா? அமெரிக்க நாடு இதற்குச் சட்டத்திலேயே விடை எழுதியது. படைப்பணியால் நேர்ந்த பிரிவை மட்டுமே காரணமாக்கிக் குழந்தையின் நலனைத் தீர்மானிக்கலாகாது என்றும், அப்பிரிவை மட்டுமே முன்னிட்டுப் பிறப்பிக்கப்படும் தற்காலிக ஆணை, பிரிவுக்காலம் நியாயப்படுத்தும் அளவுக்கு மேல் நீடிக்கலாகாது என்றும் 2014-இல் விதித்தது. அத்தகைய தெளிவு இங்கும் வேண்டற்பாலதே.

1992 முதல் மருத்துவப் பிரிவுகளுக்கு அப்பாலும் பெண்கள் நம் தரைப்படையில் அதிகாரிகளாய்ச் சேர்ந்துள்ளனர். இப்பொழுது இக்கேள்வி தாய்மாருக்கும் உரியதாகிவிட்டது. சொந்த ஊரை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் படைவீரர் உள்ள இல்லங்கள், விடுமுறைச் சான்றிதழ் என்ற அவ்வொரு தாளின் மதிப்பை இன்றே அறிந்து வைத்திருத்தல் நலம்.